தண்ணீர் கொடுத்தவர்

என் மகளுக்குக் காவலர் வேலை கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னால் மட்டும் முடியவில்லை. மனைவி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு லட்டு கொடுக்கப் போய்விட்டாள். மகள் போனில் யாரிடமோ கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷத்தில் அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது என்று மகள் தோழிகளிடம் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் போலீஸ் என்றால் பயம். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். வருடா வருடம் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்துகிறேன். கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போடுவேன். அதே நான், வில்லாபுரத்து வீட்டிலிருந்து வண்டியில் கிளம்பிப் போகும் வழியில் ஒரு காக்கிச் சட்டை கையை நீட்டினால் போதும், வண்டியை ஓரங்கட்டி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். கைதான் தானாகக் குறுக்கே போய் மடங்கிக்கொள்ளும். ஒருமுறை அப்படி நின்றபோது அந்தக் காவலர் என்னை நிறுத்தவே இல்லை, எனக்குப் பின்னால் வந்த லாரியைத்தான் நிறுத்தியிருந்தார். "சார், நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை.

தெரியவில்லை என்பது பொய். தெரியும்.

கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை. அய்யா அடுத்தவர் வயலில் தண்ணி பாய்ச்சினார், களை எடுத்தார், கதிர் அறுத்தார். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அவர் வேலை பார்த்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் காணாமல் போனது. அங்கே கூலிக்குப் போனவர்களையெல்லாம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். "விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்" என்றார்கள். இரண்டு நாள் கழித்து அய்யா மலையடிவாரத்துப் பாதையில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் தரையில் வைத்து நடந்தார். அம்மா செங்கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி அவருடைய உள்ளங்காலில் ஒத்தடம் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மோட்டார் பிற்பாடு தோட்டத்து முதலாளியின் மச்சினர் வீட்டில் இருந்தது. அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று அய்யா கடைசிவரை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அதையே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருத்தரு தண்ணி குடுத்தாருப்பா. கையில ஊத்தல. டம்ளர்லயே குடுத்தாரு." எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கு அப்போது டம்ளரே தனி. அதனால் ஸ்டேஷன் டம்ளரில் குடித்தது அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. "நல்ல மனுசன்" என்பார். முகம் தெரியாத அந்தக் காவலர் எங்கள் வீட்டில் ஒரு சாமி மாதிரி ஆகிவிட்டார்.

அய்யா போய்ச் சேர்ந்தபோது என் மகள் கைக்குழந்தை. அவளுக்கு இந்தக் கதை தெரியாது. தாத்தா விவசாயம் பார்த்தவர் என்றுதான் அவளிடம் சொல்லி வளர்த்தேன். அவள் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, போலீஸ் தேர்வுக்காக விடிந்தும் விடியாமல் மைதானத்தில் ஓடிப் பழகியபோதுகூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டத்திலோ நீளம் தாண்டுதலிலோ எப்படியும் தோற்று வெளியே வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். ஒரு தகப்பனாக, பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். அவள் எல்லாவற்றிலும் நன்றாகவே செய்துவிட்டாள்.

வேலைக்கு முன்னால் விசாரணை ஒன்று உண்டு. உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, குடும்பத்தின் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். வந்தவர் நடுவயதுக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். "குடும்பத்துல கேஸ் கீஸ் எதுவும் உண்டா சார்?" என்றார். அய்யா மேல் வழக்கு எதுவும் பதியவில்லை, எனக்குத் தெரியும். வழக்கே இல்லாமல்தான் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஆனாலும் எங்கேயோ ஒரு மூலையில் அந்த மோட்டார் இன்னமும் கிடக்கிறது என்றும், இவர் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்றும் தோன்றியது. "இல்லைங்கய்யா" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் போன பிறகு மனைவி கேட்டாள்: "ஏங்க, அவரு உட்கார்ந்திருந்தாரு சரி, நம்ம வீட்டுல நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

மகள் பயிற்சிக்குப் போனாள். ஏழெட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் வரும். முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் கால் வலிக்கிறது என்றாள். அதற்கப்புறம் அழுகையும் இல்லை, வலியும் இல்லை. குரல் மட்டும் வாரத்துக்கு வாரம் கட்டிக்கொண்டே போனது. மைதானத்தில் கத்திக் கத்தி அப்படி ஆகிவிட்டது என்றாள். ஒருத்தி தப்பாகத் திரும்பினால் மொத்தப் பிரிவும் வெயிலில் ஓட வேண்டும் என்றாள். "சட்ட வகுப்பு உண்டாம்மா?" என்று கேட்டேன். "உண்டுப்பா. மனித உரிமை வகுப்புகூட உண்டு. நல்லாத்தான் நடத்துறாக. ஆனா காலையில அம்புட்டு ஓடிட்டுப் போயி ஃபேனுக்கு அடியில உட்கார்ந்தா, பாதிப் பேரு தூங்கிருவோம்."

நான் நடத்தும் பாடத்தில் என் மகள் தூங்குகிறாள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அன்றிலிருந்துதான் இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது. மற்ற நாடுகளில் போலீஸ்காரர்களை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று செல்போனில் தேட ஆரம்பித்தேன். பள்ளியில் மதிய இடைவேளையில், பேருந்து நிறுத்தத்தில், மனைவி சாப்பிடக் கூப்பிடும்போது, எந்நேரமும் அதே வேலை. ஜப்பானில் பயிற்சிப் பள்ளியிலேயே தங்க வேண்டும், ஜூடோவோ வாள் பயிற்சியோ கட்டாயம். கொஞ்ச காலம் தெருமுனைக் காவல் சாவடியில் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் பள்ளிக்கே வந்து படிக்க வேண்டும். அங்கேயும் கத்துகிறார்கள், அங்கேயும் தண்டனை உண்டு. அதைப் பார்த்தபோது எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வேறு. பல இடங்களில் சில மாதங்களிலேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள், அதிலும் துப்பாக்கிக்குத்தான் நேரம் அதிகம், பேச்சுக்குக் குறைவு. அந்தக் காணொளிகளில் பயிற்சி கொடுப்பவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறார்: எதிரில் நிற்பவன் உன்னைக் கொல்லக்கூடும், முதலில் அவன் கையைப் பார். இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் துப்பாக்கியே இல்லாமல் தெருவில் நடக்கிறார்கள். எந்த நாட்டைப் பார்த்தாலும் நான் தேடியது ஒன்றைத்தான். எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளை என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அது எந்தக் காணொளியிலும் கிடைக்கவில்லை.

கிடைத்தது நார்வேயிலிருந்து, அதுவும் என் பழைய விடுதித் தோழனிடமிருந்து. அரசு விடுதியில் ஒரே அறையில் கிடந்து படித்தவர்கள் நாங்கள். அவன் நர்சிங் படித்துவிட்டு எங்கெங்கோ சுற்றி, இப்போது நார்வேயில் ஓர் ஊரில் வயதானவர்கள் இல்லத்தில் வேலை பார்க்கிறான். அவனுடைய அப்பாவும் எங்கள் அய்யாவைப் போலத்தான், அடுத்தவர் வயலில் உழைத்தவர். என் கிறுக்கைச் சொன்னதும் வீடியோவில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாப்ள, இங்க போலீசாகணும்னா மூணு வருசம் காலேசுல படிக்கணும்டா. டிகிரி. நடுவுல ஒரு வருசம் முழுக்க ஸ்டேஷன்ல, அனுபவப்பட்ட ஆளு ஒருத்தரு கூடவே திரியணும். இன்னொண்ணு சொல்றேன் கேளு. பிள்ளைக பழகுறதுக்கு வெளியாளுகள நடிக்கக் கூப்பிடுவாய்ங்க. பாசை தெரியாத ஆளு ஒருத்தன் பயந்துபோயி ரோட்டுல நிக்கிறான், அவன்ட்ட எப்படிப் பேசுறது, அம்புட்டுதான். நம்ம மூஞ்சி அதுக்குத் தோதா இருக்குன்னு என்னயக் கூப்பிட்டாய்ங்க. நானும் போனேன்."

"நீ நடிச்சியா?"

"கேளுடா. ஒரு பொம்பளப் பிள்ள வந்துச்சு, ஒம்மக வயசுதான் இருக்கும். ரெண்டு எட்டு தள்ளியே நின்னு தன் பேரச் சொல்லுச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக் காமிச்சுச்சு. அந்த உடுப்பப் பாத்தேன் பாரு, எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோச்சு. கையக் கட்டிக்கிட்டேன். முட்டி ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. அந்தப் பிள்ள உட்காருங்கன்னு பெஞ்சக் காட்டுது. நான் தரையில குத்தவச்சுட்டேன். பெஞ்சு பக்கத்துலயே கெடக்கு."

"அப்புறம்?"

"அதுவும் தரையில உட்கார்ந்துருச்சு மாப்ள. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. சும்மா உட்கார்ந்திருந்துச்சு, எனக்கு நடுக்கம் நிக்கிற வரைக்கும். முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுறாய்ங்க. வாத்தியாரு வந்து, இம்புட்டு நல்லா இதுவரைக்கும் யாரும் நடிச்சதில்லங்கிறாரு."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு இருவருக்கும் சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. "நடிக்கலடா" என்றான். "எனக்குத் தெரியும்டா" என்றேன். அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வேறு ஏதோ பேசினான்.

பொங்கல் விடுப்பில் மகள் வீட்டுக்கு வந்தாள். கறுத்து, மெலிந்து, நிமிர்ந்து, வேறு ஆளாக வந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அவள் அம்மா நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். மறுநாள் காலையில் சிலிண்டர் கொண்டுவந்தவர், எப்போதும் வருகிறவர்தான், ஒரு அவசரத்தில் வண்டியை எங்கள் கேட்டுக்குக் குறுக்கே விட்டுவிட்டு உள்ளே வந்தார். மகள் வாசலில் நின்று, "யோவ், வண்டிய எடு மொத" என்றாள். கத்தவில்லை. அந்தக் கட்டைக் குரலில் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் சிலிண்டரை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்தா எடுத்துர்றேன் மேடம்" என்று ஓடினார். என் மகள் அன்றைக்குப் பூப்போட்ட நைட்டியில் இருந்தாள். உடுப்பு அவள் மேல் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டார். இத்தனை நாளும் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து என் மகளைப் பார்த்தே பயந்தேன்.

"அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தியேம்மா அவர?" என்றேன்.

"எனக்கே தெரியாம வந்துருச்சுப்பா" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. தெரியாமல் வருவதை யார் தடுப்பது?

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நார்வே கதையை அவளிடம் சொன்னேன், என் தோழனின் முட்டி ஆடியதை மட்டும் விட்டுவிட்டு. "எங்களுக்கும் அந்த மாதிரி உண்டுப்பா, புகார் குடுக்க வந்தவர்ட்ட எப்படிப் பேசணும்னு. ஆனா நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி நடிக்கிறதுனால சிரிச்சிருவோம்" என்றாள். "என்கிட்டச் செஞ்சு பாரு. நான் சிரிக்க மாட்டேன்" என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். ஒரு வாத்தியாருக்கு உரிய அதிகப்பிரசங்கித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். நார்வேக்காரப் பெண் தரையில் உட்கார்ந்தாளே, என் மகளும் உட்காருவாளா என்று பார்த்துவிடும் ஆசையும் இருந்தது.

சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளினோம். நாற்காலி ஒன்றை எதிரில் போட்டாள். லத்திக்குப் பதிலாக அடுப்படியிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்தாள். மனைவி பச்சைப் பட்டாணியை உரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். "என்ன கேஸுப்பா?" என்றாள் மகள். "கிணத்து மோட்டார் திருட்டு" என்றேன். வேறு எந்தத் திருட்டும் என் வாயில் வரவில்லை.

பேர் கேட்டாள், ஊர் கேட்டாள். முதலில் அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. நான் அய்யாவின் பேரைச் சொன்னேன். தாத்தா பேரை வைத்து விளையாடுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். "மோட்டார எங்க வச்சிருக்க?" என்றாள். "தெரியாதுங்க" என்றேன். "தெரியாம எப்படிய்யா போகும், காலு மொளச்சா போச்சு?" "தெரியாதுங்கய்யா." நான் சிரிக்காமல் சொன்னதாலோ என்னவோ, அவள் சிரிப்பும் போய்விட்டது. காலையில் வாசலில் கேட்ட அந்தக் குரல் வந்தது. "நிமிந்து பாத்துச் சொல்லு" என்று பூரிக்கட்டையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். பெரிய தட்டு ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் செய்யவில்லை, என் உடம்பு செய்தது. பக்கத்தில் நாற்காலி கிடந்தது. நான் தரையில் இருந்தேன். கை குறுக்கே கட்டியிருந்தது. பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது மட்டும் கேட்டது.

"அப்பா, சூப்பரா நடிக்கிறீங்கப்பா" என்றாள் மகள். சொல்லிவிட்டு, குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அப்பா, காலை ஏன்பா ஒளிக்கிறீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் இரண்டு உள்ளங்கால்களும் வேட்டிக்குள் போய் மடங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. என்னை யாரும் எந்தக் காலத்திலும் அடித்ததில்லை. அடிபட்டது அய்யாவின் கால். என் கால் ஏன் ஒளிந்தது என்று எந்த டாக்டரைக் கேட்பது?

மகள் பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நார்வேக்காரப் பெண்ணைப் போலப் பயிற்சி எடுத்து உட்காரவில்லை. அப்பா விழுந்துவிட்டாரோ என்று பயந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார், இரண்டு நாள், மலையடிவாரத்துப் பாதை, செங்கல் ஒத்தடம், தண்ணீர் கொடுத்தவர். மனைவிக்கே பாதிதான் தெரியும், அவளும் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டாள். மகள் எழுந்துபோய்ப் பூரிக்கட்டையைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"அந்தத் தண்ணி குடுத்தவரு யாருப்பா?"

"தெரியாதும்மா. பேரு ஊரு எதுவும் அய்யாவுக்கே தெரியாது."

"ரெண்டு நாளும் அவரு அங்கதான் இருந்தாரா?"

"தெரியாது. நீ அவர மாதிரி இருந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சரிப்பா" என்றாள். எந்த நாட்டிலும் இல்லாத ஒரு பயிற்சியை என் பிள்ளைக்கு ஒரே மத்தியானத்தில் கொடுத்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி. அன்று சாயங்காலம் சிலிண்டர்காரர் காலிச் சிலிண்டரை எடுக்க வந்தபோது, அவள் போய்ப் பேசினாள், டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்தது. போனோம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள் நடந்து வந்ததைப் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து, எங்கள் ஆட்களிலிருந்து ஒருத்தி. முடிந்ததும் மகள் ஓடிவந்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். அவள் அம்மா தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தால், அதில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதற்குப் பிறகு ஸ்டேஷன் வேலை பழக ஒரு மாதம். நார்வேயில் அதற்கு ஒரு வருடம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து என்ன பயன், வெளியூரில் ஒரு ஸ்டேஷனுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். முதல் சில நாட்கள் உற்சாகமாகப் பேசினாள். புகார் கொடுக்க வந்த ஒரு அம்மாவுக்கு நானே எழுதிக் கொடுத்தேன் என்றாள். தொலைந்துபோன ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து வீட்டில் விட்டோம் என்றாள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. நான் பள்ளியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை.

"சாப்டீங்களாப்பா?" என்றாள். சாயங்காலம் யாராவது அப்படிக் கேட்பார்களா? என்னம்மா என்றேன்.

"இன்னைக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாகப்பா. கட்டட வேலைக்குப் போறவரு. வேலை நடக்கிற எடத்துல கம்பி காணாமப் போச்சாம்."

"ம்."

"கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. உட்காருங்கன்னு சேரைக் காமிச்சேன். தரையில உட்கார்ந்துட்டாரு. நானும் குனிஞ்சு உட்கார்ந்து பேசுனேன்பா. பேரு கேட்டேன். பிள்ளைக என்ன படிக்குதுன்னு கேட்டேன். ஒரு பையன், ஆறாவது படிக்கிறானாம். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

"சரிம்மா. அப்புறம்?"

"அப்புறம் உள்ள இருந்து பெரியவரு ஒருத்தரு வந்தாரு. இந்த ஸ்டேஷன்ல ரொம்ப வருசமா இருக்கிறவரு. எங்கிட்ட எல்லாம் தன்மையாத்தான் பேசுவாரு. நீ போயி டீ குடிச்சிட்டு வாம்மான்னாரு."

தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"கதவச் சாத்துனாக" என்றாள். "நான் வெளியதான்பா நின்னேன். டீ குடிக்கப் போகல. ஆனா வெளியதான் நின்னேன்."

"நீ பழக வந்த பிள்ள. நீ என்னம்மா செய்வ?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அடிப்படை உரிமைகளுக்குக் கீழே கோடு போடுகிறவன் சொல்லும் பதிலா அது என்று இருந்தது.

"கதவத் திறந்ததும் தண்ணி எடுத்துக்கிட்டுப் போனேன். டம்ளர்ல. அவருக்குக் கை நிக்கல, நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு, நீ நல்லாருப்ப தாயின்னாரு."

"நடந்து போனாரா?"

"சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போனாருப்பா. காலை ஓரமா வச்சு."

அடுப்படியிலிருந்து மனைவி வந்து, யாரு, பிள்ளையா, என்ன சொல்கிறாள் என்று சைகையில் கேட்டாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அய்யாவின் நல்ல மனிதரை, எங்கள் வீட்டுச் சாமியை, முதல்முறையாக நான் பார்த்தேன். ஒரு மூடிய கதவுக்கு வெளியே, கையில் டம்ளரோடு, திறக்கும் வரை காத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு மகள் கேட்டாள்.

"அப்பா, அவரு வீட்டுக்குப் போயி அந்தப் பையன்ட்ட என்னப் பத்தித்தான் சொல்லுவாரு, இல்ல? ஒரு பிள்ள தண்ணி குடுத்துச்சுன்னு."

"ஆமாம்மா" என்றேன். "அதத்தான் சொல்லுவாரு."